மூலைவாட்டில் ஒரு கட்டம்: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் கிணறு வெட்டிய அனுபவம்

கிணற்றுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, விளையாட்டுக் கணக்கில் ஒரு நாள்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய கிணற்றின் வாயிலிருந்து தண்ணீர் பொங்கி வெளியே வந்தது. முதலில் கிணற்றைச் சுற்றி ஒரு நீலத் திட்டு. ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். நீர் அளவு 2. மறுபடி ஓடவிட்டேன். 4 ஆனது, 5 ஆனது, கூடம் முழுக்க 7 ஆகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், பக்கத்து அறைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று பதினொரு பேர் மூழ்கிப்போனார்கள். மொத்தமே பத்தொன்பது பேர் இருந்த கோட்டை அது. மிச்சமிருந்த எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. அந்தக் கோட்டையை விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் மேலே வந்தது என்ற கேள்வியை விட முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பகலில் வேலை, ராத்திரி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் இது. அந்த மூன்று வாரத்தில் என்னென்ன செய்தேன், எங்கே தப்பு விட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்பது டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் உருவாக்கிய விளையாட்டு. 2006 ஆகஸ்டில் முதன்முதலில் வெளியானது. அப்போது திரையில் படமே கிடையாது, வெறும் எழுத்தும் குறியும்தான். 2022 டிசம்பர் 6 அன்று படங்களோடு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்தது. நான் ஆடுவது அதைத்தான். ஏழு ட்வார்ஃப்களும், அதாவது குள்ளர்களும், ஒரு வண்டிச் சாமானும் கொடுத்து ஒரு மலையடியில் விடுவார்கள். பாறையைக் குடைந்து, அறை வெட்டி, விவசாயம் பண்ணி, அவர்களைப் பிழைக்க வைக்க வேண்டும். நிலம் அடுக்கடுக்காகத் தளங்களாக இருக்கும். ஒவ்வொரு தளமும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் தண்ணீர் 1 முதல் 7 வரை நிற்கலாம். 7 என்றால் கட்டம் முட்ட நிறைந்துவிட்டது. 4 ஆகிவிட்டாலே ஆட்கள் அந்த வழியாக நடக்க மாட்டார்கள். 1 அளவில் தேங்கி நிற்பது கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும்.

இவர்கள் தண்ணீருக்குப் பதிலாகச் சாராயம் குடித்தே காலத்தை ஓட்டுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அடிபட்டுப் படுத்தவர்களுக்குத் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். காயம் கழுவவும் தண்ணீர் வேண்டும். வெளியே ஆற்றில் போய் மொள்ளலாம் என்றால், வாசலில் பகைவர்கள் நிற்கிற அன்றைக்குத்தான் உள்ளே அடிபட்டவர்கள் படுத்திருப்பார்கள். அதனால் கோட்டைக்குள்ளேயே ஒரு தொட்டி, அதற்கு மேல் ஒரு கிணறு. இதுதான் நான் செய்ய நினைத்தது.

கணக்குக்கு வசதியாக, ஆற்றுத் தண்ணீர் இருக்கிற தளத்தை 0 என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே கீழ் 1, கீழ் 2 என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை, அதாவது ஆள் நடக்கிற தரை, மேல் 1. என் பழைய கோட்டையில் ஆற்றிலிருந்து 0 தளத்தில் ஒரு சுரங்கம், அதன் முடிவில் கீழ் 6 வரை இறங்கும் குழி, அங்கிருந்து கிடையாக ஒரு சுரங்கம், அது போய்ச் சேருவது கீழ் 5, கீழ் 6 இரண்டையும் சேர்த்து வெட்டிய தொட்டி. கூடம் இருந்தது கீழ் 4-இல். கூடத்தின் தரையில் ஓட்டை போட்டு அதன் மேல் கிணறு. தொட்டி நிறைந்ததும் தண்ணீர் தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எங்கள் வீடு சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் பயிர் ஆகிற பூமி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். வாசலில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் பின்கட்டில், குளியலறைத் தரையில் இருக்கிற ஓட்டை வழியாகத் தண்ணீர் களக் களக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு மேலே வந்தது. தெருச் சாக்கடையில் நிற்கிற மட்டத்தை அது வீட்டுக்குள் தேடி வந்தது. சித்தி ஒரு சாக்கை அந்த ஓட்டையில் திணித்து மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். அதைக் கண்ணால் பார்த்த நான், ஆற்றை விட நான்கு தளம் தாழ்வாக இருக்கிற கூடத்தில் திறந்த ஓட்டை போட்டிருக்கிறேன்.

சரி, தண்ணீர் தன் மட்டத்தைத் தேடி வந்தது. அப்படியானால் ஆற்று மட்டம் வரைக்கும் வருமா? இதைப் பார்க்க ஒரு சோதனைக் கோட்டை தொடங்கினேன். அதில் ஆட்கள் தங்குவதற்கு ஒரு மூலை மட்டும். மிச்ச இடமெல்லாம் தண்ணீருக்கு. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு தளம்.

முதல் சோதனை மிக எளிது. ஆற்றிலிருந்து ஒரு குழி கீழ் 6 வரை. பத்துக் கட்ட நீளத்தில் ஒரு சுரங்கம். அந்தக் கடைசியில் இன்னொரு குழி, தரை வரைக்கும் மேலே ஏறி வருகிறது. தண்ணீர் விட்டேன். அந்தப் பக்கக் குழியில் கீழ் 6 நிறைந்தது, 5, 4, 3, 2, 1 என்று ஏறியது. கீழ் 1-இல் 7 அளவு வந்ததும் நின்றுவிட்டது. 0 தளம் காய்ந்துதான் கிடந்தது. இன்னும் ஒரு தளம் ஏறினால்தான் ஆற்று மட்டம். ஏறவில்லை. ஆட்டத்தை ஒரு மாதம் ஓடவிட்டும் பார்த்தேன், அப்படியே நின்றது.

நிஜத் தண்ணீராக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில்தான் வந்து நின்றிருக்கும். கொத்தனார் மட்டம் பார்க்க ட்யூபில் தண்ணீர் ஊற்றிப் பிடிப்பாரே, அதுபோல. இங்கே சரியாக ஒரு தளம் குறைந்தது. அந்த ஒரு தளத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று பட்டது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை நிறுத்தி, ஒவ்வொரு நொடியாக நகர்த்தி.

அப்படி நகர்த்தியபோதுதான் அது கண்ணில் பட்டது. தண்ணீர் சுரங்கத்துக்குள் ஓடவே இல்லை. ஆற்றுப் பக்கக் குழியில் 0 தளத்துத் தண்ணீர் கீழ் 1-க்கு விழப் பார்க்கிறது. அங்கே ஏற்கெனவே 7. இடமில்லை. உடனே விளையாட்டு, நிறைந்திருக்கிற கட்டங்கள் வழியாக ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழி தேடிக்கொண்டே போகிறது: கீழே, பக்கவாட்டில், மறுபடி மேலே. எங்கே நிறையாத கட்டம் கிடைக்கிறதோ அங்கே அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. நடுவில் இருக்கிற கட்டங்களில் ஓர் அசைவும் கிடையாது. இந்தப் பக்கம் மறைந்து அந்தப் பக்கம் தோன்றுகிறது. நிபந்தனை ஒன்றுதான்: எந்தத் தளத்துக்கு விழப் பார்த்ததோ, அந்தத் தளத்துக்கு மேலே போக முடியாது. 0-இலிருந்து கீழ் 1-க்கு விழுகிற தண்ணீர் அதிகபட்சம் கீழ் 1 வரைதான் ஏறும். அதனால்தான் ஒரு தளம் குறைவு.

இது புரிந்தபோது நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: பிரஷர் என்பது தண்ணீருக்குள் இருக்கிற பொருள் இல்லை, விழ இடமில்லாமல் போகிற அந்த நேரத்தில் நடக்கிற ஒரு தாவல். அதற்குப் பிறகு மற்ற சோதனைகளை எப்படிப் போடுவது என்பது எளிதாகிவிட்டது.

தண்ணீரை இறைத்துத் தள்ளுகிற ஸ்க்ரூ பம்ப் வைத்தும் பார்த்தேன். அது 10 அளவு விசை கேட்கும். விசை இல்லாவிட்டால் ஓர் ஆளையே நிறுத்தி இறைக்கச் சொல்லலாம். பம்ப் தள்ளுகிற தண்ணீர் பம்ப் இருக்கிற தளம் வரைக்கும் ஏறுகிறது, ஒரு தளம் குறையவில்லை. ஏனென்றால் அது விழுகிற தண்ணீர் இல்லை, அந்தத் தளத்திலேயே தள்ளப்படுகிற தண்ணீர். பாறைக் குழம்புக்கு இந்தத் தாவல் தானாகக் கிடையாது, பம்ப் வைத்தால் மட்டும் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்த சோதனைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பத்துக் கட்டச் சுரங்கத்தை அறுபது கட்டமாக நீட்டினேன். எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் நீளம் என்றால் என்ன என்று தெரியும். பாபநாசத்தில் அணை திறந்து, கால்வாயில் தண்ணீர் வந்து, மேல்மடைக்காரர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்து, கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் கடைமடைக்காரர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கார் பருவ நெல் சாகுபடியில் இந்தப் பேச்சு இல்லாத வருஷம் கிடையாது. அதனால் அறுபதாவது கட்டத்துக்குத் தண்ணீர் மெலிந்துதான் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதாவது மெலிந்து வரவில்லை. சுரங்கம் ஒருதரம் நிறைந்துவிட்டால் அவ்வளவுதான், கடைசிக் கட்டத்துக்கும் முதல் கட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. தண்ணீர் ஓடினால்தானே தேயும், தாவுகிற தண்ணீருக்குத் தேய்மானம் ஏது? கடைமடை என்று ஒன்று இல்லாத கால்வாய். சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படி ஒரு கால்வா இருந்தா சண்டையே இருக்காதுல்லாலே" என்றார்.

இனி மூலைவாட்டு விஷயம்.

இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு வித்தை இது. சுரங்கத்தை நேராகக் கொண்டுபோகாமல், ஓர் இடத்தில் மூலைவாட்டில் ஒரு கட்டம் தள்ளி வெட்ட வேண்டும். இரண்டு செங்கலை, பக்கம் பக்கமாக ஒட்டாமல், மூலையும் மூலையும் மட்டும் தொடுகிற மாதிரி தரையில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு செங்கல்தான் சுரங்கத்தின் இரண்டு கட்டம். மிச்ச இரண்டு பக்கமும் பாறை அப்படியே நிற்க வேண்டும். இந்த மூலை வழியாக ஆள் போகலாம், தண்ணீரும் பரவிப் போகும். ஆனால் அந்தத் தாவலுக்கு வழி தேடுகிறபோது விளையாட்டு மூலைவாட்டைப் பார்ப்பதே இல்லை. நேர் பக்கம், மேல், கீழ் மட்டும்தான் அதன் கணக்கில் உண்டு. ஆக, மூலை வந்ததும் தாவல் செத்துவிடுகிறது. சாதாரணமாகப் பரவுகிற தண்ணீர்தான் அந்தப் பக்கம் போகும்.

தாவல்தான் பிரஷர் என்று எனக்கு முன்பே புரிந்துவிட்டதால் இது ஏன் வேலை செய்கிறது என்பதும் உடனே புரிந்தது. ஆனால் எங்கே வைப்பது என்பதில் சறுக்கினேன்.

ஆற்றுக்குப் பக்கத்திலேயே, தொடக்கத்திலேயே, வேகத்தைக் கொன்றுவிட்டால் அப்புறம் கீழே எதைப் பற்றியும் கவலை இல்லை என்று நினைத்தேன். குழியை 0-இலிருந்து கீழ் 2 வரை இறக்கி, அங்கே மூலைவாட்டில் ஒரு கட்டம் வெட்டி, அதற்கப்புறம் இன்னொரு குழியில் கீழ் 6 வரை இறக்கினேன். கீழ் 4-இல் கூடத்துக்குப் பதிலாக வெறும் அறை ஒன்று வைத்து, பழைய மாதிரியே அதன் தரையில் ஓட்டை. அறையின் கூரையில் மேலே போகிற படிக்கட்டு. யாரும் உள்ளே இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு தண்ணீரை விட்டேன்.

கீழ் 6 நிறைந்தது. கீழ் 5 நிறைந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்து அறை முழுக்க 7 ஆகிவிட்டது. படிக்கட்டில் ஏறி கீழ் 3 வரை நிறைந்து, அங்கே நின்றது.

அந்த இரவு நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: "மூலை வைத்தும் பொங்கியது. ஆனால் கீழ் 1 வரை வரவில்லை. கீழ் 3-இல் நின்றது. ஏன் 3?" அடியில் கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். விடை அந்த எண்ணிலேயே இருந்தது. எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

தெரிந்தது குளத்தில். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து குளம் வற்றிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா கரைப்பக்கம் போகும்போது நானும் கூடப் போனேன். எங்கள் குளத்தில் இப்போது திருகு வைத்த இரும்பு ஷட்டர்தான். ஆனால் அதற்குக் கொஞ்சம் தள்ளி, குளத்துக்குள்ளேயே, தண்ணீர் திறந்துவிடுகிற பழைய கல் மதகான குமிழித்தூம்பு இன்னும் நிற்கிறது. இரண்டு கல்தூண், குறுக்கே கல் சட்டங்கள். தண்ணீர் நிற்கும்போது தூணின் தலை மட்டும்தான் தெரியும். வற்றிய பிறகுதான் அடியில் இருக்கிற கல் பெட்டியும் அதன் மேற்பலகையில் வட்டமாகக் குடைந்த ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும். அந்த ஓட்டையை ஓர் அடைப்பால் மூடியிருப்பார்கள். பாய்ச்ச வேண்டுமென்றால் ஆள் நீந்திப் போய் அந்த அடைப்பைத் தூக்கிவிட வேண்டும். தண்ணீர் ஓட்டையில் இறங்கி, கரைக்கு அடியில் கல் சுரங்கம் வழியாக அந்தப் பக்கம் போய் ஒரு கல் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்துதான் வாய்க்கால்.

நான் மண்டி போட்டு ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் போனது. விளிம்புக் கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளே காய்ந்த சேறு விரலில் பொடியாக வந்தது.

சித்தப்பா கரைமேல் நின்றபடி சொன்னார்: "குளத்துல பத்தடி தண்ணி நிக்கும்போது இந்த ஓட்டையில எறங்குற தண்ணி அந்தப் பக்கம் எப்படி வரும்னு நெனைக்க? பீச்சிக்கிட்டு வரும். அதை அப்படியே வாய்க்கால்ல விட்டா கரையை அரிச்சுட்டுப் போயிரும். அதுக்குத்தான் வெளிய அந்தத் தொட்டி. அங்க வந்துதான் தண்ணி மூச்சு வாங்கும்."

"வேகத்தை இங்கயே, குளத்துக்குள்ளயே கொறச்சிட்டா என்ன சித்தப்பா?"

"இங்க கொறச்சு என்ன செய்ய? கொறச்ச பொறவு மறுபடி கீழ எறங்குனா திரும்ப வேகம் வந்துரும்லா."

கரையில் வைத்தே நோட்டை எடுத்துப் பார்த்தேன். கீழ் 3. மூலைவாட்டுக் கட்டம் இருந்தது கீழ் 2-இல். ஆற்றிலிருந்து வந்த தாவல் அந்த மூலையில் ஒழுங்காகச் செத்துத்தான் போயிருக்கிறது. இல்லையென்றால் தண்ணீர் கீழ் 1 வரை ஏறியிருக்கும். ஆனால் மூலையைத் தாண்டிய தண்ணீர் கீழ் 2-இலிருந்து மறுபடி குழியில் விழுகிறது. கீழே நிறைந்ததும் புதிதாக ஒரு தாவல் பிறக்கிறது. கீழ் 2-இலிருந்து விழுகிற தண்ணீர் எதுவரை ஏறும்? ஒரு தளம் குறைவு, கீழ் 3. என் கூடமோ கீழ் 4. பொங்காமல் என்ன செய்யும்.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்த கையோடு சோதனைக் கோட்டையைத் திறந்தேன். முன்யோசனையாக அந்த அறைக்கு அடியில் ஒரு வடிகால் மூடி வைத்திருந்ததால், அதைத் திறந்து அறையைக் காயவிட்டேன். பாறைத் தரை முழுக்க வண்டல் படிந்திருந்தது. வெறும் பாறையில் விதைக்க முடியாது, இப்படி வண்டல் படிந்தால் முடியும். அதனால் அந்த அறையைக் காளான் வயலாக்கிவிட்டேன். வண்டல் படிந்த நிலத்தைச் சும்மா போட எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வராது.

புதிய வெட்டு இப்படி. குழி 0-இலிருந்து நேராகக் கீழ் 5 வரை இறங்குகிறது. சுரங்கம் கீழ் 5-இலேயே ஓடுகிறது. தொட்டிக்குள் நுழைகிற கடைசி இடத்தில், அதே கீழ் 5-இல், மூலைவாட்டுக் கட்டம். தொட்டி ஐந்துக்கு ஐந்து கட்டம், கீழ் 5-உம் கீழ் 6-உமாக இரண்டு தளம் ஆழம். மூலையைத் தாண்டிய தண்ணீர் விழுவது கீழ் 5-இலிருந்து கீழ் 6-க்கு மட்டும்தான். அந்தத் தாவல் கீழ் 6-ஐத் தாண்டாது. அதற்கு மேல் கீழ் 5 நிறைவது பரவித்தான். பரவுகிற தண்ணீர் தன் தளத்தை விட்டு மேலே ஏறாது. கீழ் 4-இல் போட்ட ஓட்டைக்கு அது வரவே முடியாது.

விட்டுப் பார்த்தேன். கீழ் 6 நிறைந்தது. கீழ் 5 மெதுவாக, 2, 3, 3, 4 என்று கட்டத்துக்குக் கட்டம் ஏறி இறங்கி, கடைசியில் எல்லாக் கட்டமும் 7 ஆகி நின்றது. ஓட்டை காய்ந்து கிடந்தது. ஒரு வருஷம் ஓடவிட்டேன். அப்படியேதான் இருந்தது.

சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தேன். அறுபது கட்டச் சுரங்கத்தில் மூலைவாட்டைத் தொடக்கத்தில் ஒருதரம் வைத்தும், முடிவில் ஒருதரம் வைத்தும் பார்த்தேன். தொடக்கத்தில் வைத்தபோது எங்கள் கால்வாயை அப்படியே பார்த்தேன்: முன் கட்டங்களில் 6, 7, நடுவில் 3, 4, கடைசியில் 1, 2, அதிலும் 1 இருந்த இடம் பாதிக்குப் பாதி ஆவியாகிப் போனது. தாவல் செத்த பிறகு தண்ணீர் ஓடித்தான் ஆக வேண்டும், ஓடினால் கடைமடை வந்துவிடும். முடிவில் வைத்தபோது சுரங்கம் முழுக்க 7 நின்றது, தொட்டி வாயில் மட்டும் நிதானமானது. ஆக, மூலையைக் கடைசியில் வைக்க இரண்டு காரணம்: பொங்காது, வழியிலும் மெலியாது.

அதன் பிறகுதான் ஆட்கள் வாழ்கிற நிஜக் கோட்டை. இதில் வேலையின் வரிசை முக்கியம். தண்ணீர் ஒருதரம் உள்ளே வந்துவிட்டால் எதையும் மாற்ற முடியாது.

ஆற்றிலிருந்து வருகிற சுரங்கத்தின் முடிவில், குழி தொடங்குகிற ஓட்டையின் மேல், ஒரு கல் மூடி வைத்தேன். ஹேட்ச் என்பார்கள். குமிழித்தூம்பின் அடைப்பு போலவே, மேலே தண்ணீர் நின்றாலும் தாங்கிக்கொள்ளும். மதகுக் கதவு வைத்திருக்கலாம். ஆனால் அது லீவரை இழுத்த பிறகு விளையாட்டுக் கணக்கில் நூறு நொடி தாமதித்துத்தான் அசையும். விளையாட்டில் ஒரு நாளே 1200 நொடிதான். அவசரத்துக்கு அடைக்க வேண்டிய இடத்தில் அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மூடியை லீவரோடு இணைப்பதைத் தண்ணீர் விடும் முன்பே முடித்துவிட வேண்டும். லீவர் கட்ட ஒரு மெக்கானிசம், அதாவது கல்லில் செய்த ஓர் இயக்கப் பொறி, இணைக்க இரண்டு. இணைக்கிற ஆள் லீவரிடத்துக்கும் போவார், மூடியிடத்துக்கும் போவார். நடுவில் தண்ணீர் நின்றால் அந்த வேலை நடக்காது. கூடத்தில், கிணற்றிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், லீவரை வைத்தேன்.

தோண்டும்போது ஆற்றுக்குப் பக்கத்தில் வரும் ஒவ்வொரு கட்டத்திலும் ஈரக் கல் என்று எச்சரித்து வேலையை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் மறுபடி குறித்துக் கொடுக்க வேண்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த எச்சரிக்கை நல்லது. எத்தனை கட்டம் மிச்சம் என்று அதுதான் நினைவுபடுத்தும்.

கடைசிக் கட்டத்தை உள்ளிருந்து உடைக்கக் கூடாது. உடைத்த ஆளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். சுரங்கத்தில் இருந்தவர்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, கரைமேல், மேல் 1 தளத்தில் ஓர் ஆளை நிறுத்தி, அங்கிருந்து கீழ்நோக்கித் தோண்டச் சொன்னேன். ஆற்றுக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் நின்ற அந்த ஒரு பாறைக் கட்டம் திறந்தது. சுரங்கம் நிறைந்து, மூடி வரைக்கும் வந்து, நின்றது. அதற்கு மேல் ஒரு சொட்டு இறங்கவில்லை.

லீவரை இழுக்கச் சொன்னபோது சித்தப்பாவும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொட்டி நிறைவதைக் கடைசி வரை பார்த்தார். கீழ் 5-இல் இருபத்தைந்து கட்டமும் 7 ஆயின. கூடத்தின் தரை காய்ந்தே இருந்தது. கொஞ்ச நேரத்தில், காலொடிந்து படுத்திருந்த ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு, இன்னொருத்தி வாளியோடு கிணற்றடிக்கு வந்து தண்ணீர் மொண்டு கொண்டுபோனாள்.

"சேறோடி எங்க?" என்று கேட்டார் சித்தப்பா.

பழைய தூம்புகளில் இரண்டு வகை ஓட்டை இருக்கும்: தண்ணீர் போக நீரோடி, அடியில் படிகிற சேற்றைத் தள்ளிவிடச் சேறோடி. இந்த விளையாட்டில் தொட்டி தூர்ந்துபோகாது, சேறோடிக்கு வேலை இல்லை என்று சொன்னேன். "தொட்டிக்குள்ள ஒருத்தன் தவறி விழுந்துட்டா எப்படித் தண்ணியை வடிப்ப?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மேலே மூடியை அடைத்தேன். கிணற்றடிக்கு மூன்று தளம் கீழே, கீழ் 7-இல், பழைய கல் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வரைபடத்தின் விளிம்பு வரைக்கும் ஒரு சுரங்கம் கொண்டுபோய், விளிம்புப் பாறையை இழைத்து அம்பு விடுகிற துளைகள் போலச் செதுக்கச் சொன்னேன். அப்படிச் செதுக்கினால் தண்ணீர் அந்த வழியாக வெளியே போய்விடும். தொட்டியில் இருந்த தண்ணீரை ஆட்களே வாளி வாளியாக மொண்டு தீர்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காய்ந்த பிறகு தொட்டியின் தரையில் ஓர் ஓட்டை, அதன் மேல் இரண்டாவது மூடி, அதற்கு இரண்டாவது லீவர். இரண்டுக்குமாகச் சேர்த்து ஆறு மெக்கானிசம்.

மறுபடி தொட்டியை நிறைத்தேன். மேல் மூடியை அடைத்து, கீழ் மூடியைத் திறந்து பார்த்தேன். கீழ் 5-இல் 7, 5, 2, பிறகு ஒன்றுமில்லை. கீழ் 6-உம் அதேபோல் இறங்கியது. கூடத்தில் கிணற்றைச் சுற்றி எல்லாக் கட்டமும் கடைசி வரை 0.